இரண்டாவது கியரில் ஆறு வாரங்கள்

காரை ஸ்டார்ட் செய்த மறுகணமே ஒரு ஜப்பானியப் பெண் பேசத் தொடங்குகிறார். கொழும்புப் புறநகரில் இந்தக் காரை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று, ஏதோ கோளாறைச் சொல்லும் எச்சரிக்கையாக்கும் என்று பயந்து தரகரின் முகத்தைப் பார்த்தேன், அவர் சிரித்தார். ஜப்பானிய அதிவேக நெடுஞ்சாலைகளில் சுங்கம் செலுத்துவதற்கான அட்டையைச் செருகும் கருவி ஒன்று இன்னமும் காருக்குள் இருக்கிறது என்பதும், அட்டை செருகப்படவில்லை என்பதைத்தான் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் பணிவோடு நினைவூட்டுகிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் இருக்கும் மலைநாட்டுத் தலவாக்கலையில் சுங்கச்சாவடி எதுவும் இல்லை. அந்தக் கருவியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று கராஜில் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் அதற்குள் அப்பா அந்தப் பெண்ணுக்கு “சரிம்மா, போடுறோம்” என்று பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

கார் 2013இல் உற்பத்தியான சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். வாகனப் பிரியர்கள் இசட்சி32எஸ் என்று மாதிரி எண்ணைச் சொல்லி அழைக்கும் இந்தத் தலைமுறை ஜப்பானில் 2011 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 1586 சீசீ கொள்ளளவுள்ள எம்16ஏ இயந்திரம், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 6900 சுழற்சியில் 136 குதிரைவலுவும், 4400 சுழற்சியில் 160 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. எடை 1050 கிலோகிராம். கியர் ஆறு, அதுவும் கையால் மாற்றுவது. இந்தக் கடைசி விடயத்தைத்தான் வங்கியில் என்னோடு வேலை செய்பவர்கள் எவராலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. “ஓட்டோ கியரே எடுத்திருக்கலாமே மிஸ், ஏன் இந்தக் கஷ்டம்?” என்று கேட்காதவர் இல்லை. ஆண்கள் இதே காரை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வி பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஏழு வருடங்களாக நான் ஓட்டியது ஒரு மாருதி அல்டோ. 796 சீசீ, 48 குதிரைவலு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது: 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றர்களை வைத்து அம்மாவை வைத்தியசாலைக்கும் என்னை வேலைக்கும் கொண்டு சேர்த்தது அதுதான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழைய கார்களின் விலை நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சேமித்தவர்களில் நானும் ஒருத்தி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தபோது விலை விழும் என்று காத்திருந்தேன். வரிகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் புதிய கார் என் கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்றது. பன்னிரண்டு வருடப் பழைய காருக்கு ஊழியர் கடன் எடுத்துக் கொடுத்த தொகையை இங்கே எழுத மாட்டேன். அப்பாவிடமும் உண்மையான தொகையைச் சொல்லவில்லை.

முதல் நாள் ஓட்டத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு இந்தக் கார் என்னை ஒருமுறை மயக்கி ஒருமுறை ஏமாற்றியது. அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், யட்டியாந்தோட்டை வரைக்கும் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே ஓரளவு சமதளம்தான். அங்கே ஒரு பஸ்ஸை முந்துவதற்காக மூன்றாவது கியருக்கு இறக்கி அக்சிலரேட்டரை அழுத்தினேன். 4000 சுழற்சியைத் தாண்டும் இடத்தில் இயந்திரத்தின் குரல் மாறுகிறது. அதுவரை அலுவலகத்துக்குப் போகிற காரைப் போலப் பேசிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு ஆளாகிறது. பஸ் எப்போது பின்னால் போனது என்று தெரியவில்லை. அல்டோவில் ஒரு பஸ்ஸை முந்துவதென்றால் முதலில் தெய்வத்தை நினைக்க வேண்டும், பிறகு எதிரே வருகிறவரின் நல்ல குணத்தை நம்ப வேண்டும். கித்துல்கலவில் களனி கங்கையின் ஓரமாகக் காரை நிறுத்தி பால் சேர்க்காத ஒரு பிளேன்டி குடித்தபோது, கடன் தொகை நியாயமானதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கினிகத்தேனை ஏற்றத்திலும் அந்த மயக்கம் நீடித்தது. வட்டவளை தாண்டி ஹட்டனை நெருங்கும்போதுதான் ஏதோ குறைகிற மாதிரி ஒரு நினைப்பு. ஒரு வாரம் கழித்து நுவரெலியாவுக்குப் போனபோது சந்தேகமே இல்லாமல் போய்விட்டது: அதே மூன்றாவது கியர், அதே சுழற்சி, ஆனால் அன்றைக்கு முதுகைத் தள்ளிய கையைக் காணவில்லை. ஏமாற்றிவிட்டார்கள், இயந்திரத்தில் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். கராஜில் மெக்கானிக் பாஸ், பிளக், காற்று வடிகட்டி, கணினிப் பதிவு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “காருக்கு ஒன்னுமில்ல மிஸ், காத்துக்குத்தான் வருத்தம்” என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல. டர்போ இல்லாத இயந்திரம் வெளியே இருக்கும் காற்றைத் தானாக உறிஞ்சித்தான் பெற்றோலை எரிக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வலுவில் ஒரு வீதம் கழிகிறது என்பது பொதுவான கணக்கு. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் சுமார் 80 வீதம்தான் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இருக்கிறது. ஆகவே விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் 136 குதிரைகளில் கிட்டத்தட்ட 110தான் நுவரெலியா வரை ஏறி வருகின்றன, மீதி வழியிலேயே இறங்கிக்கொள்கின்றன. அல்டோவுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும், ஆனால் அது என்னிடம் வந்த நாளிலிருந்து இங்கேயே ஓடியதால் அதன் முழு வலுவை நான் ஒருநாளும் அறிந்திருக்கவில்லை. 2017இல் வந்த அடுத்த தலைமுறை சுவிஃப்ட் ஸ்போர்ட்டில் 1.4 லீற்றர் டர்போ இயந்திரம் இருக்கிறது. 970 கிலோகிராம் எடைக்கு 230 நியூட்டன் மீற்றர், அதுவும் 2500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. மெல்லிய காற்றையும் அழுத்தித் திணித்துக்கொள்ளும் இயந்திரம் என்பதால் மலைநாட்டுக்கு உகந்தது அதுதான் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதன் விலையைக் கேட்டேன். பிறகு கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என்றாலும் என் காருக்காக ஒரு வார்த்தை பேசுவேன். டர்போ இல்லாத இயந்திரத்தில் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே மூன்றாம் ஆள் இல்லை. கொண்டையூசி வளைவின் நடுவில், ஈரமான தார் மேல், அரை அங்குலம் அழுத்தினால் அரை அங்குலத்துக்கான பதில்தான் வருகிறது. தாமதித்து, பிறகு ஒரேயடியாகப் பாய்வதில்லை. இந்த வீதிகளில் எனக்கு வேண்டியது அந்தக் கணக்குச் சுத்தம். ஊர்களுக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம் அனுமதிக்கிறது, ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் வளைவுகளும் முச்சக்கர வண்டிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் அனுமதிப்பது அதில் பாதி. ஆறு வாரங்களில் ஆறாவது கியரை நான் போட்டது இரண்டே இரண்டு தடவை, அதில் ஒரு தடவை அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக. என் வாழ்க்கை இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

அப்பா முப்பத்தொரு வருடங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். எனக்குக் காரோட்டக் கற்றுத் தந்தவரும் அவர்தான். கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்துபோன பெட்ஃபோர்ட் லொறியில், கிளச்சை ஒருமுறை அழுத்தி நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, அக்சிலரேட்டரை உறுமவைத்து, மீண்டும் அழுத்திக் கீழ் கியரைப் போடும் டபுள் கிளச் வித்தையில் அவர் வளர்ந்தவர். கியர் பல் கடிக்கும் சத்தம் கேட்டால் அந்தக் காலத்தில் தோட்டத்தை மேற்பார்வை செய்த கண்டக்டரையா வரைக்கும் செய்தி போய்விடும் என்பார். இந்தக் காரின் கியர்த் தடியை முதன்முதலாகக் கையில் பிடித்து, காரை ஸ்டார்ட் செய்யாமலேயே ஒன்றிலிருந்து ஆறு வரை மெதுவாகப் போட்டுப் பார்த்தார். தடி குட்டையானது, கைக்கு அடக்கமானது, ஒவ்வொரு கியரும் தன் குழியில் போய் உட்காருவதை உள்ளங்கையால் உணரலாம். “தயிர் சட்டியில கரண்டி போட்ட மாதிரி இல்ல, நல்லா இருக்கு” என்றார். அவர் ஒரு வாகனத்துக்குக் கொடுத்து நான் கேட்ட மிக உயர்ந்த சான்றிதழ் அது.

காலைக் குளிரில் மட்டும் இந்தச் சான்றிதழ் செல்லாது. ஜனவரிக் குளிரில் விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் முதல் பத்து நிமிடங்களுக்கு இரண்டாவது கியர் பிடிவாதம் பிடிக்கிறது. குளிரில் தடித்துப்போன கியர் எண்ணெய்க்குள் சிங்க்ரோ வளையம் வேலை செய்யச் சுணங்குகிறது. அவசரப்பட்டுத் தள்ளினால் ஒரு கரகரப்பு எழும். எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம் என்று பாஸ் சொல்லியிருக்கிறார், அது வரும் சனிக்கிழமை. அதுவரைக்கும் அப்பா சொன்ன வழி: “டபுள் கிளச் போடும்மா, பாலா போகும்.” போட்டேன். போனது.

இறக்கத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒரே சட்டம்தான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. மலைநாட்டில் வாகனம் ஓட்டும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு நியூட்ரலில் இறக்குவார்கள், பெற்றோல் மிச்சம் என்ற நம்பிக்கையில். கணினி அளந்து பெற்றோலை ஊசியால் செலுத்தும் இன்றைய இயந்திரங்களில் அந்த நம்பிக்கை தலைகீழானது. கியர் விழுந்திருக்க, காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு இறங்கும்போது, சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுவதால் கணினி பெற்றோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினால்தான் இயந்திரம் அணையாமல் இருப்பதற்குச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கிறது. நானுஓயாவிலிருந்து ரதல்லவுக்கு இறங்கும் குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஒரு பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வீதியின் சரிவை ஒருமுறை நடந்து பார்த்தவருக்குக் கூட கீழ் கியரின் அருமை விளங்கும்.

இந்தக் காரில் என்னை உண்மையாகவே கவர்ந்தது அந்த இறக்கம்தான் என்றால் நம்புவீர்களா? விற்பனைக்காரர்கள் எவரும் சொல்லாத விடயம் இது. அழுத்த விகிதம் கூடிய இயந்திரமும் நெருக்கமாக அடுக்கிய ஆறு கியர்களும் சேர்ந்தால், ஒவ்வொரு சரிவுக்கும் பொருத்தமான ஒரு பிடி கிடைக்கிறது. அல்டோவில் இரண்டாவது கியர் போட்டால் கார் அலறும், மூன்றாவதைப் போட்டால் ஓடிவிடும். இதில் மூன்றாவது கியர் ஒரு தடித்த கயிறு போலப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சென் கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகளில் பிரேக்கை வேகம் குறைக்க அல்லாமல் நிறையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவருவதற்காக மட்டும் தொடுகிறேன், மூக்கு உடனே வளைவுக்குள் திரும்புகிறது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு. வாங்கிய கையோடு பிரேக் எண்ணெயை மாற்றச் சொன்னேன். பழையது வெளியே வந்தபோது சரியாகப் பிளேன்டி நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் வருடக்கணக்கில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பழைய கார் வாங்கி மலைக்குக் கொண்டுவருகிறவர்கள் பாட்டுப் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் இதை மாற்றட்டும்.

ஹட்டனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம், மழை, நகருக்குள் நுழையும் ஏற்றத்தில் வாகன வரிசை அசையாமல் நின்றது. எனக்குப் பின்னால் மரக்கறி லொறி ஒன்று. கண்ணாடியில் அதன் பம்பர் மட்டுமே தெரியும் அளவுக்கு ஒட்டி நின்றது. வரிசை நகர்ந்தது. கைபிரேக்கைப் பிடித்தபடி கிளச்சை மெதுவாக விட்டேன், கடிக்கும் இடம் அல்டோவில் இருந்ததைவிட உயரத்தில் இருப்பது காலுக்கு இன்னும் பழகவில்லை, கார் இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன். ஜப்பானியப் பெண் மீண்டும் அட்டையைக் கேட்டார். இரண்டாவது முயற்சியில் முன்சக்கரங்கள் ஈரத்தில் ஒரு கணம் வழுக்கி, ரப்பர் கீச்சிடும் சத்தம் நடைபாதையில் குடை பிடித்து நின்றவர்களையெல்லாம் திரும்ப வைத்தது. அதில் எங்கள் வங்கியின் வாடிக்கையாளர்கள் குறைந்தது இருவர். மூன்றாவது முயற்சியில், இயந்திரத்தை 2000 சுழற்சிக்கு மேலே பிடித்து, பொனட் சற்றுத் தூக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே கைபிரேக்கை விட்டேன். ஏறியது. அன்றிரவு கிளச் வாசனை என் கைப்பையில் வரைக்கும் இருந்தது.

சக்கரம் வழுக்கியதற்கு என் கால் மட்டும் காரணமில்லை என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது. கொட்டகலைப் பக்கம் ஒரு சாதாரண வளைவில், மணிக்கு 35 கிலோமீற்றர் கூட இருக்காது, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் கார் ஒரு கணம் நேராகவே போனது. எதிரே யாரும் வரவில்லை. நிறுத்திவிட்டு, கைகள் நடுங்குவது நிற்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். விளம்பரத்தில் “டயர் 80 வீதம்” என்று போட்டிருந்தது, வரிகளும் ஆழமாகத்தான் இருந்தன. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும், முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருடம் என்று பாஸ் விரலால் தொட்டுக் காட்டினார். முன் டயர்கள் இரண்டிலும் 3316. அதாவது 2016ஆம் ஆண்டின் 33ஆம் வாரம். எங்கோ கூரைக்குக் கீழே ஓடாமல் நின்று, ரப்பர் காய்ந்து மரக்கட்டையாகியிருக்கிறது. விற்றவரை அழைத்தேன். வரி இருக்கிறதுதானே, மிஸ் என்ன ரேஸா ஓடப் போறீங்க என்று கேட்டார். அதற்கு மேல் அவரோடு பேச எதுவும் இருக்கவில்லை.

195/45, 17 அங்குலம். இந்த அளவைத் தலவாக்கலை, ஹட்டன் கடைகளில் கேட்டால், ஏதோ விமானத்துக்கு டயர் கேட்டவளைப் போல ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கடைசியில் கண்டிக்குப் போய்த்தான் நான்கையும் மாற்றினேன். செலவு என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கியது, ஆனால் அதற்குப் பிறகுதான் இந்தக் காரை நான் உண்மையில் ஓட்டத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வந்த காரில் ஸ்பேர் டயரும் கிடையாது. டிக்கியின் அடியில் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருந்தன. இரவு எட்டு மணிக்குமேல் வட்டவளைக் காட்டில் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாததால், அளவு ஒத்துவரும் பழைய சக்கரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்தால் டிக்கியில் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் இடமிருக்காது என்பது அம்மாவின் கவலை.

தோட்டத்து வீதி இந்தக் காருக்கு எதிரி. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வீதியில் மழைத் தண்ணீர் போவதற்காகக் குறுக்கே வெட்டிய கான் ஒன்று இருக்கிறது, அல்டோ அதைப் பொருட்படுத்தியதே இல்லை. முதல் நாளே முன்பம்பரின் கீழுதடு அதில் உரசிய சத்தம் லயத்து நாய்களை எழுப்பிவிட்டது. அப்பா இறங்கினார். ஒன்றும் பேசாமல் காரின் முன்னால் போய் நின்று, கானைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி நான்கு விரல்களையும் சேர்த்து மடக்கி மடக்கி அழைத்தார். “ஒடி… இன்னும் ஒடி… அப்படியே வா… நேர்பண்ணாத, நேர்பண்ணாத…” கார் சரிந்த கோணத்தில், ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் கானுக்குள் இறங்கி ஏறும்படி, நான்கு தவணையில் அதைக் கடந்தது. உதட்டுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது என்று பிறகு சொன்னார். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கோணத்தை என்னால் எடுக்க முடியும். அகலத்தைப் பொறுத்தவரை குறையில்லை: ஜப்பானியச் சிறு கார் வகுப்பின் எல்லை 1700 மில்லிமீற்றர், இது 1695, எதிரே கொழுந்து லொறி வந்தாலும் தேயிலைச் செடியில் கண்ணாடியை உரசிக்கொண்டு ஒதுங்கிவிடலாம்.

சௌகரியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், விறைப்பு. குழியில் விழுந்தால் குழியின் ஆழத்தை முதுகெலும்பு அளந்து சொல்லும். பின் இருக்கையில் அத்தை ஒருமுறை நுவரெலியா வரை வந்தார், திரும்பும்போது பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். பனிமூட்டத்தில் முன்விளக்கின் வெள்ளை ஒளி சுவரில் மோதியது போலத் திரும்பி வருகிறது, தாழ்ந்த வெளிச்சமும் கீழே இருக்கும் பனி விளக்குகளும்தான் வழி காட்டுகின்றன.

பெற்றோல் மூடியின் உட்புறத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒட்டியிருந்த தாளைத் தொலைபேசியால் மொழிபெயர்த்துப் பார்த்தேன்: ஈயமற்ற பிரீமியம் மட்டும். இங்கே அதற்கு நெருங்கியது ஒக்டேன் 95, அது எல்லாப் பெற்றோல் செட்டிலும் எப்போதும் கிடைப்பதில்லை. 92 அடிக்க நேர்ந்தால் பெற்றோல் தாறுமாறாக எரிவதால் எழும் தட்டலைக் கண்டறியும் உணரி தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளும், அதற்கு வலுவில் சிறிது விலை கொடுக்க வேண்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தட்டலும் குறைவு என்பது மலை எங்களுக்குத் தரும் சிறு சலுகை. குதிரைகளில் எடுத்ததை இங்கே கொஞ்சம் திருப்பித் தருகிறது. டாங்கியை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் இங்கே லீற்றருக்கு 9.6 கிலோமீற்றர், கொழும்புக்குப் போய் வந்தபோது 13க்குச் சற்று மேல். அல்டோ என்னைக் கெடுத்து வைத்திருக்கிறது, அதனால் இந்த எண்களைப் பார்த்தால் நெஞ்சு சற்று வலிக்கத்தான் செய்கிறது.

சின்ன வயதில் சித்திரை மாத நுவரெலியா வசந்த காலத்தில், 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பார்க்க அப்பா என்னைக் கூட்டிப் போவார். கரையில் உட்கார்ந்து, கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அதன் சத்தம் வளைவுக்கு வளைவு மாறி வருவதைக் கேட்போம். “இப்ப மூணுலேருந்து ரெண்டுக்கு இறக்கிட்டான்” என்று அப்பா சொல்வார். ஒரு வினாடி கழித்துக் கார் வெளிப்படும். எனக்குப் பந்தயம் ஓடும் ஆசை அப்போதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தை உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஒரு ஞாயிறு விடியலில், வீதி காய்ந்து, ஆளில்லாமல் இருந்த நேரத்தில், நானுஓயாவுக்கு ஏறும் வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். வேகம் 40ஐத் தாண்டவில்லை. தேயிலைக் கரையில் மோதித் திரும்பி வந்த சத்தம் நான் கேட்டு வளர்ந்த அதே சத்தம்.

போன ஞாயிறு அப்பாவுக்கு ஓட்டக் கொடுத்தேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவில்லை, அதனால் வீதிக்குப் போகாமல், தோட்டத்தில் சொல்லிவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இருக்கும் வெளியில் மட்டும் ஓட்டினார். இருக்கையை ஒரேயடியாக முன்னுக்கு இழுத்து, லொறிச் சாரதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு, வெளியின் கோடியில் திரும்பும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு, தேவையே இல்லாத இடத்தில், கிளச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு உறுமல் கொடுத்து இறக்கினார். கியர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. மடுவத்தின் தூணருகே காரை நிறுத்தி அணைத்தார், என்ன நினைத்தாரோ, உடனே மீண்டும் ஸ்டார்ட் செய்தார். ஜப்பானியப் பெண் அட்டையைக் கேட்டார்.

“இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து போடுறேம்மா” என்றார் அப்பா.